மாதா கலண்டரும் ஓர் அரைக் காட்டேரியும்

போன வருடம் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த மாதங்களில், மட்டக்களப்பு புளியந்தீவில் என் மாமா வீட்டு முன் அறையில் நடந்தது இது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இரத்தக் காட்டேரிகளாக இருந்தோம். சிரிக்காதீர்கள், விளையாட்டைத்தான் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது தாண்டியவள். ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம், அப்பாவுக்கு வயல் வட்டையில் நெல் வேளாண்மை. என் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. அதனால் கிழமைக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், கழுவப்பட்டு, இன்னொரு குழாயால் உள்ளே வரும். முடிந்து எழும்பினால் தலை சுற்றும், கால் தரையில் நிற்காது. சனிக்கிழமைகளில் அந்த வெயிலில் பாலம் கடந்து ஊருக்குப் போக ஏலாது என்று மாமா வீட்டில் கிடப்பேன். பொழுது சாய அண்ணன் வந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவார்.

மாமாவின் மகன்தான் இந்தக் காட்டேரிக் கூத்தைத் தொடக்கியவன். எனக்கு மச்சான் முறை. சின்னதிலிருந்தே ஒருவரையொருவர் பகிடி பண்ணியே வளர்ந்தவர்கள் நாங்கள். கொழும்பில் படித்த காலத்தில் இந்த விளையாட்டைப் பழகி, ஒரு தடித்த புத்தகத்தோடும் ஒரு சின்னப் பை நிறையப் பகடைகளோடும் ஊர் திரும்பியிருந்தான். நான் கட்டிலில் கிடந்து சுவரைப் பார்ப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஆள் சேர்த்தான் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாலர் பாடசாலை டீச்சர் வந்தார். மச்சானின் சிநேகிதர், போன் திருத்துகிற கடை வைத்திருப்பவர், அவரும் வந்தார். அவர் என்னைவிட இளையவர் என்பதால் எனக்குத் தம்பி.

விளையாட்டு இப்படி: பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவு பூட்டியிருக்கு, என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்பார். உடைக்கிறேன் என்றால் உடையுமா என்று பார்க்கப் பத்து முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும், சின்ன எண் விழுந்தால் வினை. மோசமாக விழுந்தால் பாத்திரம் செத்தே போகும். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் திரும்பி வராது.

மச்சான் கதையை எங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டான். தம்பியின் காட்டேரி ஒல்லாந்தர் காலத்திலிருந்து கோட்டைக்குள் இருக்கிறது, இரும்புக் கதவைக் கையால் மடக்கும். டீச்சரின் காட்டேரி பெரிய இடத்துப் பெண், கண்ணால் பார்த்தாலே எவரும் சொன்னதைச் செய்வார்கள். புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியாது. அது எங்கள் ஊரில் பலிக்கவில்லை. வாசல் படலையில் யார் வந்து நின்றாலும் 'வாங்க, உள்ள வந்து இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்' என்று சொல்கிற சனம் நாங்கள். முதல் நாளே தம்பியின் காட்டேரி ஒரு தெரு முழுக்க விருந்தாளியாகப் போய் வந்தது. மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

எனக்கென்று அவன் எடுத்து வைத்திருந்தது வாவியின் அடியில் உறங்குகிற ஒரு மகாராணி. எல்லாரையும்விடப் பலசாலி. அவன் அதை நீட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பழம் கொண்டுவருகிறவர்களின் முகம் அவனுக்கு. நான் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே ஒரு வகைக் காட்டேரி இருந்தது. இரத்தம் ஐதானது, தண்ணீர் கலந்தது போல. பல் சரியாக முளைக்காது, பலம் கிடையாது. மற்றக் காட்டேரிகள் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. வெயிலில் நடக்கலாம், ஆனால் தோல் பொசுங்கும். சோறு தண்ணி வாயில் வைக்கலாம், ஆனால் உடம்பு ஏற்காது. விழுங்குவதற்கே பகடை உருட்ட வேண்டும்.

"இவதான் எனக்கு வேணும்" என்றேன்.

"அது அரைக் காட்டேரிகா. ரெண்டாம் கிழமையே செத்துப்போகும்" என்று எங்கள் ஊர்க் 'கா' போட்டுச் சொன்னான் மச்சான்.

"அரையா இருந்தா உனக்கென்ன? நான் விளையாடிக் காட்டுறன்."

எனக்குள் பிடிவாதம் ஏறிவிட்டால் எங்கள் வீட்டில் அப்பாகூட வாயைத் திறக்க மாட்டார். மச்சானும் விட்டுவிட்டான். சந்தையில் இறால் விற்கிற ஓர் அரைக் காட்டேரியாக நான் ஆட்டத்தில் இறங்கினேன்.

உண்மையைச் சொன்னால் அந்த மேசையில் நான் ஒருத்திதான் கொஞ்சமாவது நிசக் காட்டேரி. இந்த நோய், எங்கள் பேச்சில் வருத்தம், கடுமையாக இருந்த நாட்களில் முகம் தெரியாத யார் யாருடையதோ இரத்தத்தை எனக்கு ஏற்றியிருக்கிறார்கள். தாகமும் எனக்குத்தான் தெரியும். சிறுநீர் போகாத உடம்பு, ஒரு நாளைக்குக் குடிக்க விட்ட தண்ணீர் மிகக் கொஞ்சம். 'உங்களுக்குத் தாகம் எடுக்குது' என்று மச்சான் சொன்னால், தம்பி கையில் சோடாப் போத்தலை வைத்துக்கொண்டே பல்லைக் காட்டி உறுமுவார். ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்: "தம்பி, தாகம் எடுத்த ஆள் கத்தாது. வாயைத் திறந்தா இருக்கிற ஈரமும் போயிடும் எண்டு மூடிக்கொண்டுதான் இருக்கும்." அவர் போத்தலை மெல்ல மேசைக்குக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்குச் சோடா வரவில்லை.

உயிர் தப்புமா என்பது போன்ற சில பகடைகளைக் கதை சொல்பவரே மற்றவர்கள் பார்க்காமல் உருட்ட வேண்டும் என்பது ஒரு வழக்கம். அதற்கு ஒரு மறைப்பு வேண்டும். டீச்சர் வீட்டிலிருந்து வந்த பழைய கலண்டர் மட்டையை மூன்றாக மடித்து மச்சான் தன் முன்னால் நிறுத்தியிருந்தான். எங்கள் பக்கம் பார்த்தபடி மாதா படம். காட்டேரிகள் முகத்துக்கு நேரே மாதாவை வைத்து விளையாடுகிற உலகத்தின் ஒரே வீடு இதுதான் என்று டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்வார்.

இறால்காரி எல்லாவற்றுக்கும் தப்பினாள். வேட்டைக்காரர் துரத்தினார்கள், தப்பினாள். வெயிலில் கல்லடிப் பாலம் முழுவதும் நடந்தாள், தப்பினாள். கோட்டைக்குள் பெரிய காட்டேரிகள் சேர்ந்து அவளை அடித்துப் போட்டார்கள், எழும்பி வந்தாள். மட்டைக்குப் பின்னால் பகடை உருளும் சத்தம் கேட்கும். மச்சான் குனிந்து பார்ப்பான், நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான், பிறகு 'தப்பிட்டா' என்பான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வீட்டில் போய் அம்மாவுக்குச் சொல்வேன், அம்மாவும் ஏதோ விளங்கின மாதிரித் தலையாட்டுவா.

இதே போல ஒரு மறைப்பு எனக்கு இன்னோர் இடத்திலும் இருந்தது. கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பார், 'நல்லா இருக்கீங்க, தண்ணியை மட்டும் குறையுங்க' என்பார். பிறகு என் அண்ணனைப் பார்த்து, 'கொஞ்சம் வாங்க தம்பி' என்று வெளியே அழைத்துப் போவார். கதவு சாத்தப்படும். திரும்பி வரும் அண்ணன் எப்போதும் ஒரே வசனம்தான் சொல்வார்: "எல்லாம் சரி வரும்." நானும் கேட்டதில்லை. கேட்டால் அவர் அழுதுவிடுவாரோ என்ற பயம்.

அந்தச் சனிக்கிழமை கச்சான் காற்று யன்னலைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆட்டத்தில் இறால்காரியின் நெஞ்சுக்கு நேரே ஒரு வேட்டைக்காரன் ஈட்டியை ஓங்கியிருந்தான். மச்சான் உருட்டினான், குனிந்தான், "எட்டு. தப்பிட்டா" என்றான். அதே நேரம் காற்றில் மட்டை குப்புற விழுந்தது. பகடை எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. அதில் இருந்தது ஒன்று.

மச்சான் அவசரமாகப் பகடையைக் கையால் மூடினான்.

"எத்தினை தரம்?" என்று கேட்டேன்.

அவன் மூடிய கையை எடுக்கவில்லை. டீச்சரைப் பார்த்தேன். அவர் மேசைச் சீலையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தம்பி வெளியே பார்த்தார். அவர்களுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் தெரியாமல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. உடம்பில் பலம் இருந்திருந்தால் மேசையைப் புரட்டியிருப்பேன். அந்த இறால்காரியை நான் உண்மையாகவே வளர்த்தெடுத்தேன் என்று நம்பியிருந்தேன். அவளுடைய ஒவ்வொரு தப்புதலும் எனக்குப் போட்ட பிச்சை.

"மட்டையை எடு. இல்லாட்டி நான் இனி வரமாட்டன்" என்றேன்.

"மச்சாள், அதில்ல..." என்று தொடங்கிய அவனுக்குக் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தரமும் ஒண்டும் ரெண்டுமாத்தான் விழுகுது. நீ செத்துப்போனா நாங்க என்னகா செய்யிற?"

அவன் இறால்காரியைப் பற்றிப் பேசவில்லை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் விளங்கியது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"செத்தாச் சாகட்டும் மச்சான். ஆனா நான் உருட்டிச் சாகணும். நீ உருட்டிப்போட்டுப் பொய் சொல்லி என்னை வாழவைக்காத."

அடுத்த கிழமை மட்டை இல்லை. மாதா படம் மாமாவின் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்கியது. மச்சான் பகடையை என் கைக்குள் வைத்தான். முகம் கல்லாக இருந்தது.

அன்றைய கதை இதுதான். வாவிக்கு அந்தக் கரையில், ஆள் இல்லாத ஒரு நெல் களஞ்சியத்தில் தம்பியின் காட்டேரியும் டீச்சரின் காட்டேரியும் பகல் உறக்கத்தில் இருக்கிறார்கள். வேட்டைக்காரர் பெற்றோல் கான்களோடு அங்கே போகிறார்கள். பகலில் வெளியே வரக்கூடிய ஒரே ஆள் இறால்காரி. சந்தையில் அவளுடைய காதில் செய்தி விழுகிறது. தோணியை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் வாவியைக் கடக்கிறேன் என்றேன். உருட்டினேன். ஏழு. தோல் பொசுங்கப் பொசுங்கக் கரை சேர்ந்தாள். அந்த ஏழு நிசமான ஏழு. நாலு பேரும் பார்த்த ஏழு. அதன் ருசியே வேறு.

"இப்ப அவங்க படலைக்கு வந்திட்டாங்க. உனக்குச் சண்டை தெரியாது, பலமும் இல்ல. என்ன செய்யப் போறாய்?" என்று மச்சான் கேட்டான்.

நான் யோசித்தேன். என்னிடம் இருந்ததை வைத்துத்தான் செய்ய வேண்டும். அவள் ஊர்க்காரி, அவ்வளவுதான். முந்தானையைச் சரிசெய்துகொண்டு படலைக்குப் போகிறேன் என்றேன். போய்ச் சொல்கிறேன்: "வாங்க வாங்க, வெயிலுக்க நிக்காதீங்க. உள்ள வந்து இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

டீச்சர் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். மச்சானும் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எங்கள் ஊர் வேட்டைக்காரர் எப்படி மறுப்பார்கள்? வந்து, வெறுமையாகக் கிடந்த பழைய காவல் கொட்டிலில் இருந்தார்கள். நான் அடுப்பு மூட்டினேன், விறகு ஈரம் என்றேன், சீனி தேடினேன், பால்மா இல்லையே என்று கவலைப்பட்டேன், அவர்களுடைய பிள்ளைகுட்டிகளை விசாரித்தேன். வேட்டைக்காரருக்கு ஊர் கிரான் என்று மச்சான் சொல்ல, அங்கே இந்தப் போகம் வெள்ளாமை எப்படி என்று கேட்டேன். சூரியன் இறங்கிக்கொண்டே போனது. பொழுது சாய்ந்தால் மற்ற இருவரும் விழித்துவிடுவார்கள்.

மச்சான் மெதுவாகச் சொன்னான்: "எல்லாரும் குடிக்கிறாங்க. நீ மட்டும் வாய் வைக்கல்ல. ஒருத்தன் உன்னையே பாக்கிறான். 'அக்கா, நீங்களும் குடியுங்களன்' எண்டு சொல்றான்."

தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டு அந்த மேசையில் இருந்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விழுங்க வேண்டும் என்றால் எட்டுக்குக் குறையாமல் விழ வேண்டும்.

"உருட்டாத தங்கச்சி. எழும்பி ஓடு" என்றார் டீச்சர்.

"ஓடினா அவங்களுக்கு விளங்கிடும் டீச்சர். இன்னும் இருட்டல்ல."

கோப்பையை எடுக்கிறேன் என்றேன். உருட்டினேன். பகடை மேசை முழுக்க ஓடி, தம்பியின் கைக்கருகில் போய் நின்றது. மூன்று.

இறால்காரிக்குத் தேத்தண்ணி தொண்டையில் நின்றது. அவர்கள் அறிந்துகொண்டார்கள். அவர்கள் கையால் அவள் செத்துப்போனாள். ஆனால் அவளை முடித்துவிட்டு அவர்கள் நிமிரும்போது சூரியன் அடங்கியிருந்தது. களஞ்சியத்தின் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

தம்பி இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மச்சான் எழும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டான். எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்திருந்தது. வருத்தம் வந்த நாளிலிருந்து எனக்கு நடந்த எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எனக்காக வளைத்து, மெழுகி, பஞ்சில் சுற்றித்தான் தந்திருக்கிறார். அந்த மூன்று மட்டும்தான் அப்படியே வந்து விழுந்தது. திரும்பி வந்த மச்சான் என் கையில் ஒரு ஐஸ் துண்டைத் தந்தான். பகடையை நான் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த கிளினிக். வழமை போல டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார், அண்ணனைப் பார்த்துக் கதவுப் பக்கம் தலையசைத்தார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"டொக்டர், கதவைச் சாத்தாதீங்க. இது என்ட வருத்தம். எனக்குச் சொல்லுங்க."

அண்ணன் என் தோளைப் பிடித்தார். "நீ இரு. நான் கேட்டுக்கொண்டு வாறன்."

"இல்லண்ணா. நீங்க வேணுமெண்டா இருந்து கேளுங்க. ஆனா எனக்கு முன்னாலதான்."

டொக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மாவின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது. கண்டியில் மாற்றிவைக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆனால் என் இருதயம் பலவீனமாகிவிட்டது, சத்திரசிகிச்சையைத் தாங்காமல் போகலாம். வீட்டார் யோசித்து, வேண்டாம், இருக்கும் மட்டும் மெஷினிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, என் பகடையை என் கைக்கே தராமல் வைத்திருந்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கைப்பையைத் திறந்து பகடையை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

"டொக்டர், இதுக்குப் பத்து முகம். நான் ஒப்பரேசனுக்குப் போனா எனக்கு எத்தினை விழணும்?"

அவர் கோபித்திருக்கலாம், சிரித்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பகடையை எடுத்து விரல்களுக்குள் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு முகம் மேலே இருக்கும்படி என் முன்னால் வைத்தார். "சரியாச் சொல்ல ஒருத்தராலயும் ஏலாது மகள். கிட்டத்தட்ட இதுக்குக் குறையாம விழணும்" என்றார்.

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அது என்னுடையது. தேத்தண்ணிக் கோப்பைக்கு மச்சான் கேட்ட எண்ணைவிடச் சின்னது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய அழுகை. அப்பா வட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்தபடி சொன்னா: "கிட்னி தாறதுக்கு எனக்குப் பயமில்ல மகள். கொண்டுபோய் விட்டுட்டு நான் தனியத் திரும்பி வந்திருவனோ எண்டுதான் பயம்."

"எனக்கும் பயம்தானம்மா" என்றேன். "ரெண்டு பேரும் பயந்துகொண்டே போவம்."

அம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, கண்டியில் குளிரும் என்று சொல்லி எனக்கொரு கம்பளிச் சட்டை தேடத் தொடங்கினா. அதுதான் சம்மதம்.

பரிசோதனை, ஒப்புதல், அலைச்சல் என்று மாதங்கள் ஓடிவிட்டன. போன சனிக்கிழமை கடைசியாக மாமா வீட்டில் கூடினோம். இப்போதாவது அந்த மகாராணியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மச்சான் கெஞ்சினான். நான் இன்னோர் அரைக் காட்டேரியைத்தான் எடுத்தேன். இவள் பஸ்ஸில் கச்சான் கடலை விற்கிறவள், இறால்காரியைவிட வாய்க்காரி. நான் திரும்பி வரும்வரை எனக்குப் பதிலாக அவளை ஆடப் போகிற டீச்சரிடம், அவளைக் கவனமாகப் பார்க்கச் சொல்லிவைத்திருக்கிறேன். உருட்டுவதென்றால் எல்லாரும் பார்க்கத்தான் உருட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்போது என் பை கட்டி முடிந்து கதவருகே இருக்கிறது. வருகிற கிழமை நானும் அம்மாவும் கண்டிக்குப் போகிறோம். பகடை சட்டைக்குள் சுற்றி உள்ளே இருக்கிறது. என்ன விழும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உருட்டப் போகிற கை என்னுடையது, அது விழும்போது என்னில் அன்பு வைத்தவர்கள் ஒருவரும் என் கண்ணை மறைக்கப் போவதில்லை என்பதே இப்போதைக்கு எனக்குப் போதுமான பலமாக இருக்கிறது.